தைலத்தின் பதமும் பயனும்



எண்ணெய் என்னும் சொல்லிலேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. எள்ளிலிருந்து எடுத்த நெய் எண்ணெய் ஆயிற்று. பின்னர் தேங்காயிலிருந்து எடுத்ததும், கடலையிலிருந்து எடுத்ததும் அந்த எள்ளின் பெயரையே பெற்றன. நிலத்தின் அடியிலிருந்து வந்த மண்ணெண்ணெய்க்கும் அப்பெயரை நாம் மறுக்கவில்லை. இத்தகைய எண்ணெயில் மூலிகைச் சாறு சேர்த்துக் காய்ச்சித் தலைக்கு இடுவது நம் நாட்டின் நெடுநாளைய வழக்கம். அத்தைலத்தை நம் முன்னோர் எவ்வாறு ஆக்கினர், எவ்வாறு சோதித்தனர் என்பதே இன்று நான் பேசப் புகுந்த பொருள்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை ஒப்பனை செய்து கொள்கிறாள். வாசநெய் பூசிய தன் கூந்தலைப் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரால் ஆட்டுகிறாள். பண்டங்களை இவ்வாறு எண்ணி வகுத்திருப்பதிலிருந்தே, அக்கலை அன்றே முறைப்பட்டிருந்தது என்பது விளங்கும். ஆயினும் அங்கே கருதப்பட்டவை மணமும் அழகுமே.

மருத்துவ நூல்களோ அளவையும் பதத்தையும் கருதின. இடைக்காலத்து வடமொழி நூலாகிய சார்ங்கதர சங்கிதை, அரைத்த மூலிகை 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு முதலிய நீர்ப்பொருள் 16 பங்கு என்று பொதுவிதி வகுக்கிறது. நீர் வற்றக் காய்ச்சியபின் அடியில் நிற்கும் மூலிகைக் கசட்டை எடுத்து விரல்களால் உருட்டினால், அது திரிபோல் திரள வேண்டும். அதனை நெருப்பில் இட்டால் ஓசை எழலாகாது. மூக்கில் விடும் தைலத்துக்கு மென்பதமும், உடம்பில் தேய்ப்பதற்குக் கடும்பதமும் உரியன என்றும் அந்நூல் கூறும். நம் சித்த வைத்தியர்கள் மெழுகுப் பதம், மணற்பதம் என்று கூறுவதும் இவ்வகைச் சோதனையே.

என் பாட்டியார் எழுத்தறியாதவர். சார்ங்கதரரின் பெயரை அவர் கேட்டதே இல்லை. வாய்க்கால் ஓரத்துக் கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறு பிழிந்து, நெல்லிக்காய்ச் சாறும் கூட்டி, நல்லெண்ணெயோடு இரும்புச் சட்டியில் சிறுதீயில் காய்ச்சுவார். கசட்டைத் திரித்து விளக்குச் சுடரில் காட்டுவார். சடசடவென்று ஓசை கேட்டால், "இன்னும் தண்ணி இருக்குடா, இறக்காதே" என்பார்.

ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், விஞ்ஞானம் கற்ற செருக்கினால் அதனை நான் நகைத்ததுண்டு. அவர் ஊரில் இல்லாத ஒரு நாள், நானே தைலம் காய்ச்சினேன்; மணம் எழுந்தவுடன் இறக்கிப் புட்டியில் அடைத்தேன். ஒரு மாதத்துக்குள் அடியில் தங்கிய சாறு புளித்துப் பூஞ்சை பிடித்தது. எண்ணெயில் காறல் வாடை வீசியது. அதன் பிறகே எனக்குப் பாட்டியாரின் விஞ்ஞானம் விளங்கிற்று. கசட்டில் எஞ்சிய நீர் சுடரின் வெம்மையால் திடீரென ஆவியாகி, எண்ணெயைப் பிளந்து வெளிப்படுவதே அந்த ஓசை. நீர் தங்கிய தைலம் கெடும். அதனை அறிய ஒரு விளக்குச் சுடரே போதும்.

அன்று முதல் அச்சோதனையில் எனக்கு அளவற்ற நம்பிக்கை உண்டாயிற்று. அந்த நம்பிக்கையே பின்னொரு பிழைக்குக் காரணமாயிற்று. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குத் தலையில் வட்டமாக மயிர் உதிர்ந்தது. கூலி வேலை செய்த அவன் தந்தையார் என்னிடம் வந்து, "ஐயா, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். பதம் தவறாமல் நான் காய்ச்சிய தைலத்தைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு வட்டம் மூன்றாயிற்று. அருகில் அமர்ந்த பிள்ளைக்கும் பரவிற்று. மருத்துவர் பார்த்து, இது பூஞ்சையால் வரும் தலைப்படை, உள்ளுக்கு மருந்து கொடுத்தாலன்றித் தீராது என்றார். மருந்தினால் நோய் தீர்ந்தது. ஆனால் ஓரிடத்தில் வடு தங்கிவிட்டது. பள்ளியை விட்டுச் செல்லும் வரை அவன் அவ்விடத்தை மறைத்தே தலை வாரி வந்தான்.

திரி ஓசையின்றி எரிந்தால் தைலம் முடிந்தது என்று பொருள். நோய் தீரும் என்று பொருளன்று. ஒரு வினாவுக்குரிய விடையை மற்றொரு வினாவுக்கு விடையாகக் கொண்டேன். இவ்வேறுபாட்டை நம்மவர் அறியாதவரல்லர். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்தார். அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்ட முறைகள் தமிழ்ப் பாடல்களாக எழுதி வைக்கப்பட்டன. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் அவற்றைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் அச்சிட்டுள்ளது. சுடரில் காட்டிய சோதனைக்கு மேல், நோயாளியிடத்தில் கண்ட சோதனையையும் அம்மன்னர் வேண்டினார்.

இக்காலத்தார் மயிரிழையையே சோதிக்கின்றனர். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. மயிர் இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் இழையின் உள்ளே புகுவதே காரணம் என்று கருதினர். ஆய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், முளைத்த மயிருக்குக் காப்பு என்பதற்கே அச்சோதனை சான்று; உதிர்ந்த மயிர் முளைக்கும் என்பதற்கு அன்று.

இன்றும் என் இல்லத்தில் தைலம் காய்ச்சுகிறேன். திரியைச் சுடரில் காட்டியே இறக்குகிறேன். கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன். தலையில் படையோ சொட்டையோ கண்டால் மட்டும், முதலில் மருத்துவரிடம் அனுப்புகிறேன். ஐம்பது ஆண்டுகள் அத்தைலம் தேய்த்த என் தலையின் முன்பாதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை, நல்லவேளையாக, வானொலியில் நீங்கள் காண இயலாது.