ஜொகூர் அரசமைப்பில் சமயம்

மலாய் மாநிலங்களுள் எழுத்து வடிவில் அரசமைப்புச் சட்டம் முதலில் வந்தது ஜொகூரில்தான். 1895 ஏப்ரல் 14 அன்று சுல்தான் அபு பக்கார் அதைப் பிறப்பித்தார். பேராக், சிலாங்கூர், பகாங் போன்ற பிற மலாய் மாநிலங்களில் ஆட்சியாளருக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் ஏற்கெனவே அமர்ந்துவிட்டிருந்தனர். அந்த நிலை தம் மண்ணுக்கும் வரக்கூடாது என்ற கவலை சட்டம் நெடுகத் தெரிகிறது: நாட்டின் எந்தப் பகுதியையும் ஐரோப்பிய வல்லரசுக்குக் கொடுக்க ஆட்சியாளருக்கு உரிமை இல்லை என்று அது தடுத்தது.

சமயத்துக்கும் அதில் இடம் வகுக்கப்பட்டது. ஆட்சியாளர் அரச குலத்து மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும். இஸ்லாமே அரசின் சமயம். பிற சமயத்தார் தத்தம் வழிபாட்டை அமைதியாக நடத்தலாம். அமைச்சரவை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது. மாநில ஆலோசனை மன்றத்திலோ, ஜொகூர் குடிகளாக இருந்தால் போதும், இனமும் சமயமும் தடையில்லை. சீனர்கள் பயிரிட்ட மிளகும் காம்பியரும் கருவூலத்தை நிரப்பிய நாட்டில் இது தாராளம் மட்டுமல்ல, தேவையும்கூட.

அபு பக்கார் 1893இல் இஸ்தான்புல் சென்று துருக்கி சுல்தானைச் சந்தித்தவர். ஒட்டோமான் பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பான மஜல்லா பின்னாளில் மலாயில் பெயர்க்கப்பட்டு ஜொகூரிலும் வழங்கியது. ஆங்கிலேய ஆட்சிமுறையும் இஸ்லாமியச் சட்டமும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்று ஜொகூர் அரசவை நம்பியது.

1895 சட்டம் பிரிட்டிஷ் தலையீட்டுக்கு எதிராக எழுப்பிய தடுப்புச் சுவர் நெடுநாள் நிற்கவில்லை. 1914இல் சுல்தான் இப்ராகிம் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றார். பொது நிருவாகத்தில் அவருடைய ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே நடக்க வேண்டும். மலாய்ச் சமயமும் வழக்கமும் மட்டும் விலக்கு. மற்ற அதிகாரங்கள் கைநழுவியபோது சமயமும் வழக்கமுமே ஆட்சியாளரின் சொந்தக் களமாக எஞ்சின. இன்று மலேசியாவில் சமய நிருவாகம் மாநிலங்களின் கையில் இருப்பதன் வேர் பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

1946இல் பிரிட்டிஷாரின் மலாயன் யூனியன் திட்டம் சுல்தான்களைச் சமயம், வழக்கம் என்ற எல்லைக்குள்ளேயே முடக்கப் பார்த்தபோது மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு மே 11 அன்று ஜொகூர் பாரு அரண்மனையில் அம்னோ கட்சி பிறந்தது. டத்தோ ஓன் ஜாபார் அதன் முதல் தலைவரானார்.

1957 கூட்டரசு அரசமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக்கி, பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் பின்பற்றலாம் என்கிறது. ஜொகூர் அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய ஏற்பாட்டுக்கு இது மிக நெருக்கமானது. கூட்டரசின் மாமன்னராகும் சுல்தான் தம் மாநில ஆட்சிப் பணிகளை விட்டுவிட வேண்டும், இஸ்லாமியச் சமயத் தலைமை மட்டும் அவரிடமே இருக்கும் என்பது 34ஆம் பிரிவு. 2024 ஜனவரி 31 அன்று மாமன்னரான, அதே பெயர் கொண்ட இன்றைய ஜொகூர் சுல்தான் இப்ராகிமுக்கும் அதுவே பொருந்துகிறது.