அயன்மொழி இலக்கணமும் மலாக்கா முன்ஷியும்

அயன்மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதற்கண் அஞ்சுவது அதன் இலக்கணத்திற்கேயாகும். தோட்டத்து இரவுப் பள்ளியில் இரண்டு திங்கள் அமர்ந்து, விதிகள் மனத்திற் பதியவில்லையென்று நாணி, வருவதை நிறுத்திக்கொண்ட தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். அஃது அவர்தம் அறிவின் குறையன்று. கற்கும் முறையின் குறையேயாம். இதனை இந்நாட்டு வரலாறே நமக்குக் காட்டுகின்றது.

மலாய் உரைநடையின் முன்னோடியெனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா மலாக்காவிற் பிறந்தவர். அராபியக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடியினர். வணிகக் கணக்கிற்கும் உரையாடலுக்கும் பயன்படுமென்று அவர் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மறையோதக் கற்பித்துக்கொண்டே அவர்களிடம் அவர் இந்துஸ்தானி கற்றார். முன்ஷி என்னும் பட்டமும் அச்சிப்பாய்கள் அளித்ததேயாம்.

1815-ம் ஆண்டில் மலாக்கா வந்த தாம்சன் என்னும் பாதிரியார் இவரிடம் மலாய் பயின்றார். ஆனால் ஆங்கில வாக்கியத்தின் அமைப்பிலேயே மலாய்ச் சொற்களை அடுக்க முற்பட்டார். சொல் மலாய், நடையோ ஆங்கிலம்! மலாய் மக்கள் இவ்வாறு பேசார் என்று முன்ஷி மறுத்தும் பாதிரியார் இணங்கவில்லை. இப்பிணக்கை முன்ஷி, 1849-ம் ஆண்டில் அச்சேறிய தம் 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதிவைத்துள்ளார்.

பாதிரியாரை எள்ளி நகைக்க நமக்கு உரிமையுண்டோ? 'பெரிய வீடு' என்னும் நம் வழக்கைப் பற்றிக்கொண்டு 'பெசார் ரூமா' என்று சொல்வோர் நம்மிற் பலர். மலாயிலோ பெயர் முன்னும் அடை பின்னுமாக 'ரூமா பெசார்' என்றே வரும். தம் மொழியின் அச்சிலே பிறமொழியை வார்ப்பது தாம்சன் ஒருவர் செய்த பிழையன்று. நாம் அனைவரும் செய்யும் பிழை.

தாம்சனுக்கு நூறாண்டு முன்னரே நேர்வழி கண்ட பாதிரியாரும் உளர். 1706-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்துக் கற்றார். பின்னர்த் தமிழ் நூல்களை நாடோறும் ஓதி, சொற்களையும் சொற்றொடர்களையும் குறித்துக்கொண்டார். ஐயமெழுந்தபோது தமிழறிந்த முதியோரை வினவினார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் வெளிவந்தது 1716-ம் ஆண்டிலேயாம். பேச்சும் நூலும் முந்தின. இலக்கணம் பத்தாண்டு பிந்தியது!

நம் பட்டறிவும் இதுவே. ஆங்கிலப் பள்ளியில் இலக்கண விதிகளைப் பிழையின்றி ஒப்புவித்து மதிப்பெண் பெற்றோம். கிராணியாக அமர்ந்து நாம் வரைந்த முதற் கடிதமோ சிவப்பு மைக் கோடுகளோடு திரும்பியது. அதன்பின், அலுவலகக் கோப்பிலிருந்த பழைய கடிதங்களை நாளொன்றுக்கு ஒன்றாகப் படியெடுத்து, உரக்கப் படித்தோம். பள்ளியில் உருப்போட்ட விதிகளின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

அங்ஙனமாயின் இலக்கணம் வேண்டுவதில்லையோ எனின், வேண்டும். ஆனால் முறையோடு வேண்டும். மலாயில் கோழியை எண்ணும்போது 'செயெக்கோர் ஆயாம்' என்றும், வீட்டை எண்ணும்போது 'செபுவா ரூமா' என்றும் முழுத்தொடராகவே முதலில் நாவிற் பழக்குக. எண்ணப்படும் பொருளுக்கேற்ப எண்ணோடு சேருஞ்சொல் மாறும் என்னும் விதியைப் பின்னர் நூலிற் காண்க, காணின் மறவீர். அம்மொழிக்குரியார் ஒருவர் திருத்தினால், அதனை இழிவென்று கொள்ளாதீர். திருத்தியபோது முன்ஷியின் சொல்லைக் கேளாமையன்றோ பாதிரியாரின் பிழை?

தோழர்களே! நாணத்தால் இரவுப் பள்ளியை விட்டகன்றோர் மீண்டும் வருக. மணலில் எழுதியவர் இலக்கணம் வகுத்தார். நம்மால் மட்டும் இயலாதோ?