பழைய யந்திரத்துக்குப் புதிய மூச்சு

1929ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து இருப்புப்பாதை வந்து சேரும்வரையில், ஆயிரத்துச் சொச்சம் சதுர மைல் பரப்புள்ள புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ரயில் பிரயாணம் என்பது அயலூருக்குப் போய் ஏறவேண்டிய ஒன்றாகவே இருந்தது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் அறந்தாங்கிக்கு, அது தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஊராக இருந்தபடியால், அதற்கு முன்னரே ரயில் வந்துவிட்டது. ஆனால் தலைநகரமான புதுக்கோட்டையோ, சேஷையா சாஸ்திரியார் திவானாக இருந்து செப்பனிட்ட அகன்ற நேர்வீதிகளைப் பெற்றிருந்தும், தஞ்சைக்கும் திருச்சிக்கும் மாட்டுவண்டியையும் ஜட்காவையும், பிறகு மோட்டாரையுமே நம்பியிருந்தது. ஆகவே, ரயில் நிலையத்தின் வாயிலாக யந்திர யுகத்தை அறிந்துகொண்ட ஊர்களைப் போலன்றி, இந்தச் சீமை, யந்திரத்தைச் சாலையிலேயே முதலில் சந்தித்தது. நடுவழியில் நின்றுபோன வண்டியை, அங்கே கிடைக்கும் சாமான்களைக் கொண்டு அங்கேயே ஓடவைக்கும் சாமர்த்தியம், அந்தச் சந்திப்பின் முதல் நாளிலிருந்தே அவசியமாயிற்று.

சமஸ்தானத்தின் கோயில்கள், ஏரிகள், நில வரிகள், கல்வெட்டுகள் ஆகியவற்றைப் பற்றி விஸ்தாரமான நூல்கள் இருக்கின்றன. மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரிகளைப் பற்றிய சரித்திரமோ எழுதப்படவில்லை. இது பெரிய குறை என்பது என் துணிபு. ஏனெனில், சென்ற நூறு ஆண்டுகளில் இந்தச் சீமையின் பூவும் மீனும் நெல்லும் கல்லும் பட்டறை மேஸ்திரியின் கைவண்ணத்தினாலேயே சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இத்தொழிலுக்கு முதல் பெரும் பரீட்சை இரண்டாம் உலக யுத்தம். 1941ஆம் ஆண்டு பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த பஸ்களெல்லாம் நின்றுவிடும்போல ஆயிற்று. 1912இல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், அப்போது கரியிலிருந்து வாயுவை உண்டாக்கி யந்திரத்தை ஓட்டும் 'டி.வி.எஸ். காஸ் பிளான்ட்' என்ற சாதனத்தைத் தயாரித்து வெளியிட்டது. பஸ்ஸின் பின்புறத்தில் உருளை வடிவமான உலையொன்றைப் பொருத்தி, அதில் கரியை நிரப்பித் தணலாக்கினால், அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு கிளம்பும். அதை வடிகட்டிக் குளிரச்செய்து காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் அனுப்புவார்கள். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்னதாகவே உலையை மூட்டியாகவேண்டும். அதற்கென்று ஒரு பையன் விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் ஏறக்குறையப் பாதிதான் இதில் கிடைக்கும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பது சகஜமான காட்சியாயிற்று. இவ்வளவு அசௌகரியங்களுக்கு நடுவிலும் மேஸ்திரிகள் ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். வடிகட்டியைத் தினந்தோறும் சுத்தம் செய்யாத வண்டியில் சாம்பலும் தாரும் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். சுத்தம் செய்த வண்டியோ யுத்தம் முடியும்வரை ஓடும். யந்திரத்தின் ஆயுள் அது உள்ளிழுக்கும் காற்றின் சுத்தத்தில் இருக்கிறது என்ற உண்மை, காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் செலுத்தும் டர்போ என்ற சாதனத்தின் பெயரையே இந்நாட்டில் பெரும்பாலோர் கேட்டிராத அந்தக் காலத்திலேயே நம் பட்டறைகளுக்குத் தெரிந்திருந்தது.

யுத்தம் ஓய்ந்து, 1948 மார்ச் மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் பகுதியான பிறகு, டீசலின் காலம் வந்தது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனியார் 1950களில் தயாரிக்கத் தொடங்கிய பெர்க்கின்ஸ் பி-6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் யந்திரத்தை, பெட்ரோலில் ஓடிய பழைய லாரிகளிலும் பஸ்களிலும் மாற்றிப் பொருத்துவது தமிழ்நாடெங்கும் நடந்தது. இது யந்திரத்தை இறக்கி ஏற்றுவதோடு முடிந்துவிடும் வேலையன்று: தாங்கு கட்டைகளை அடித்து, கிளட்ச் உறையைத் துளையிட்டு, அதிக எடைக்கேற்ப முன் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டவேண்டும். பின்னாளில் அம்பாஸடர் கார்களில் மாட்டடார் வேனின் டீசல் யந்திரத்தை ஏற்றியவர்களும் இதே பரம்பரையைச் சேர்ந்தவர்கள். 1965இல் திருச்சிக்கு அருகில் பெல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்க, அதற்குத் துணையாகப் புதுக்கோட்டை எல்லைக்குள் மாத்தூரில் சிறு தொழிற்கூடங்கள் பெருகியது இத்தொழிலுக்கு ஒரு மறைமுகமான அனுகூலமாயிற்று. உயர்ந்த வகை வெல்டிங்கும் நுட்பமான லேத் வேலையும் அறிந்த கைகள் பக்கத்திலேயே கிடைத்தன.

மேஸ்திரிகளுக்கு அடுத்த பரீட்சையாக வந்த டர்போவின் கதை, இந்த டீசல் மாற்றத்தின் கதையைவிடப் பழையது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் ஆல்ஃப்ரட் பூஹி, வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் செலுத்தலாம் என்ற யோசனைக்கு 1905இலேயே காப்புரிமை பெற்றார். கப்பல் யந்திரங்களிலும் ஆகாய விமானங்களிலும் இடம் பெற்ற அது, 1962இல் அமெரிக்கக் கார்களுக்கும், 1970களில் ஐரோப்பியக் கார்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் கூட்டுறவோடு டர்போ எனர்ஜி என்ற கம்பெனி இதைத் தயாரிக்க ஏற்பட்டது. அதை நிறுவியவை டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் ஃபைனான்ஸும். அதாவது, கரி உலையைச் செய்து பஸ்ஸின் பின்னால் மாட்டிய அதே குடும்பத்தின் வழிவந்தவர்களே நாற்பது ஆண்டுகள் கழித்து டர்போவையும் செய்தார்கள். லாரிகளுக்குப் பின் கார்களின் முறை வந்தது. 1998இல் டாடா சஃபாரி, 2002இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2005இல் டொயோட்டா இன்னோவா, 2007இல் டீசல் ஸ்விஃப்ட் என்று டர்போ வண்டிகள் வரிசையாக வெளிவந்தன. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் முதல் உடைமையாளர்கள் ஓட்டிக் களைத்த அவ்வண்டிகள், இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிக் கீரமங்கலத்துக்கும் ஆலங்குடிக்கும் பொன்னமராவதிக்கும் வந்து சேர்ந்தபோது, மேஸ்திரிகளின் முன் புதிய வித்தையொன்று காத்திருந்தது.

அந்த வித்தையின் மர்மம் எண்ணெயில் இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அது உலோகத்தின்மேல் உராயாமல் எண்ணெயாலான ஒரு மெல்லிய படலத்தின்மேல் மிதக்கிறது. அதன் ஒரு முனையிலோ புகையின் வெப்பம் பல நூறு டிகிரி. நெடுந்தூரம் விரைந்து வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டால், எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கிய எண்ணெய் வெப்பத்தில் கருகிக் கரியாகித் துவாரங்களை அடைக்கிறது. ஆகையால்தான் நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிஷமாவது ஐட்லிங்கில் ஓடவிடச் சொல்கிறார்கள் மெக்கானிக்குகள். நீலப்புகை தள்ளினால் எண்ணெய் சீலைத் தாண்டுகிறது என்று சந்தேகிப்பார்கள்; கரும்புகையோடு இழுவையும் குறைந்தால், முதலில், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் விரிசலைத் தேடுவார்கள். நல்ல மேஸ்திரி டர்போவைக் கழற்றியதும் தண்டை விரலால் அசைத்து அதன் ஆட்டத்தைப் பார்ப்பார். புதிய டர்போ போடும்போது எண்ணெய்க் குழாயையும் கூடவே மாற்றச் சொல்வார். பழைய குழாயிலுள்ள கரித்துகள் புதிய டர்போவைச் சில நாட்களிலேயே கெடுத்துவிடக்கூடும் என்பதை அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்த மாவட்டத்தின் மண்ணும் தன் பங்குக்குச் சோதனை வைக்கிறது. செம்புறாங்கல் பூமியின் நுண்தூசி, ஏர் ஃபில்டரின் ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி கிடைத்தாலும் நுழைந்து, அமுக்கும் சக்கரத்தின் இதழ்களை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடுகிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜகதாப்பட்டினத்திலும் மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் தூசிக்குப் பதில் உப்புக்காற்று. அலுமினிய இன்டர்கூலரின் துடுப்புகள் அங்கே பொரிந்து உதிர்கின்றன.

வண்டியின் சக்தியைப் பெருக்கவேண்டும் என்ற ஆவல் இன்று இளைஞர்களிடையே மிகுந்திருக்கிறது. யந்திரத்தை ஆளும் கணினியின் கட்டளைகளைத் திருத்தி டீசலையும் காற்றழுத்தத்தையும் கூட்டுவதும், பெரிய இன்டர்கூலர் மாட்டுவதும் சாத்தியமான காரியங்களே. ஆனால் சிதிலமான கோயிலில் ஒழுகும் விமானத்தைச் சீர்செய்வதற்கு முன் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவார் உண்டா? இன்ஜெக்டர், ஃபில்டர், ஹோஸ், எண்ணெய்க் குழாய், கூலிங், கிளட்ச், பிரேக், டயர் ஆகிய இவை யாவும் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னரே புதிய சக்தியைப் பற்றி நினைப்பது நியாயம். அப்படித் திருப்பியவுடன் பெரும்பாலான பழைய வண்டிகள், பிறந்தபோது தமக்கிருந்த இழுவையைத் திரும்பப் பெற்று, மேற்கொண்டு எதையும் வேண்டாதவையாகிவிடுகின்றன. சட்டமும் இதில் கண்டிப்பானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வண்டியைத் தயாரிப்பாளர் தந்த அமைப்பினின்றும் இஷ்டம்போல் மாற்ற முடியாது என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் வலியுறுத்திவிட்டது. பெர்க்கின்ஸ் காலத்துச் சுதந்திரம் இன்று இல்லை. யந்திரம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்துகொள்வது உடைமையாளரின் கடமை.

பேட்டரி வண்டிகள் பெருகிவரும் இக்காலத்தில், டர்போவின் தண்டை விரலால் அசைத்தே அதன் ஆயுளைச் சொல்லிவிடும் கைகள் இன்னும் ஒரு தலைமுறையில் அரிதாகிவிடும். 1910இல் தொண்டைமான் மன்னர் காலத்தில் ஏற்பட்டு இன்று திருக்கோகர்ணத்தில் விளங்கும் அரசு அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனிகளுக்கும் படைக்கலங்களுக்கும் இடமிருப்பதுபோல், ஒரு கரி உலைக்கும் ஒரு பெர்க்கின்ஸ் யந்திரத்துக்கும் தேய்ந்துபோன ஒரு டர்போச் சக்கரத்துக்கும் ஒரு மூலையை ஒதுக்கித் தரவேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களுள் பழைய பட்டறைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் விவரங்களையும் எஞ்சியிருக்கும் பில் புத்தகங்களையும் புகைப்படங்களையும், கறையான் அரிப்பதற்கு முன் எழுதியும் தொகுத்தும் வைப்பார்களாக.