படத்தின் ஓரத்தில் மதுரை: ஒளிப்படங்களும் வளர்ச்சிப் பணிகளும், 1858 முதல் இன்றுவரை

மதுரை வட்டாரத்தின் வளர்ச்சிப் பணிகளை ஒளிப்படங்களின் வழியே வரலாறாக எழுத முனைபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. படத்தின் நடுவில் நிற்பது பெரும்பாலும் எடுக்கச் சொன்னவர் விரும்பியது. ஊர் வாழ்ந்த வாழ்க்கை ஓரத்தில் தற்செயலாக விழுந்தது. அந்த ஓரத்தைப் படித்தால்தான் வரலாறு கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1858-இன் தொடக்கத்தில் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் ஒரு ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்டவர். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை என்று நீண்ட அந்தப் பயணத்தில் மதுரைப் படங்கள் மட்டும் 4 பகுதிகளாக அச்சேறின. மெழுகேற்றிய தாளே அவருடைய நெகட்டிவ். வானத்தில் மேகம் இல்லையென்றால் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் தீட்டிவிடுவார். மதுரையின் மிகப் பழைய படங்களில் சில மேகங்கள் கையால் வரைந்தவை என்பதை ஆய்வாளர்கள் மறந்துவிடக் கூடாது.

அக்காலத் தாளில் உருவம் பதிய நேரம் பிடித்தது. அசையாத தூண் துல்லியமாக விழும்; நடந்துபோனவர் கரைந்துவிடுவார். ட்ரைப்பின் படத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபம் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். கட்டடக் கலையைப் பதிவு செய்வதே அரசு இட்ட பணி என்பது இன்னொன்று. பிற்காலத்தில் அதே மண்டபம் தையல் இயந்திரங்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளுமாக நிறைந்திருந்ததை மதுரைக்காரர்கள் அறிவார்கள். அண்மையில் அக்கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். பாதுகாப்புப் பணி மண்டபத்தை மீண்டும் ட்ரைப்பின் படம் போலவே ஆக்கிவிட்டது!

வளர்ச்சிப் பணி என்று நேரடியாகச் சொல்லத்தக்கதும் அத்தொகுப்பில் உண்டு. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூணை ட்ரைப் படமெடுத்தார். கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே விரித்தவர் பிளாக்பர்ன். அந்த வேலையில் உடனிருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயர்களாக இன்றும் இருக்கிறார்கள். தூணுக்குப் படம் கிடைத்தது. மண்வெட்டி பிடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வைகையின் மணலைக் கடக்கும் தாழ்வான பாதையையும் ட்ரைப் படமெடுத்திருக்கிறார். 1880-களில் ஏ.வி. பாலம் எழும் முன்பு மதுரைக்கு ஆறு எப்படிக் குறுக்கே கிடந்தது என்பதற்கு அந்தப் படம் நல்ல சான்று. ட்ரைப்புக்கு உதவியாளராக இருந்த ஐயாசாமி சென்னைத் தொழிற்கலைப் பள்ளியைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டு ஒளிப்பட வரலாற்றை எழுதுபவர்கள் அவருக்கு ஒரு வரிக்கு மேல் ஒதுக்கியிருக்கலாம். 1859-இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி அரசின் ஒளிப்படப் பணியையே நிறுத்தினார்.

அடுத்த பெரும் பணி பொறியாளர் பென்னிகுயிக்கின் முல்லைப் பெரியாறு அணை. 1895-இல் திறந்த அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே சுருளியாறு, வைகை எனச் சேர்ந்து, பேரணையில் திரும்பி, மேலூர் வரை பாய்ந்தது. மானாவாரி நிலம் நஞ்சையானது. இத்தகைய பொறியியல் படங்களில் ஆள் வருவது பெரும்பாலும் சுவரின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக மட்டுமே. மலைக் காய்ச்சலில் செத்தவர்களின் கல்லறைகள் அணைக்கு அருகே இருக்கின்றன. வாய்க்கால் வந்தபின் களத்துமேடும் கூலியும் வரப்புத் தகராறும் எப்படி மாறின என்பதை எந்தத் துறையும் படமெடுக்கச் சொல்லவில்லை. 1834 முதல் இங்கே இயங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் படங்களில் வகுப்பறையும் மருத்துவமனையும் உண்டு. அவையும் தங்கள் பணியைக் காட்டவே எடுத்தவை.

1950-இல் ஒளிப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் மதுரையில் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, உடன் ஒரு பெண், பின்னால் ஆரங்கள் தெரியும் மரச்சக்கரம். சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்காத காலம் அது. 1952-இல்தான் ராஜாஜி அதை நீக்கினார். ஆண்டிப்பட்டிக்கு அருகே வைகை அணையைக் காமராசர் திறந்தது 1959 ஜனவரி 21. திறப்பு விழாப் படத்தில் ரிப்பனும் மாலையும் தெரியும். அணை ஏன் வேண்டியிருந்தது என்பது கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் படத்தில்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் நமக்கு வரவில்லை. அழகியலுக்காக அப்படத்தைக் கொண்டாடுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

கேமரா உள்ளூர்க்காரர் கைக்கு மாறியபோதுதான் நடுவும் ஓரமும் இடம் மாறின. ஸ்டூடியோக்கள் கல்யாணத்தையும் காதுகுத்தையும் பதிந்தன. கேட்டு வந்தவரே அங்கு நடுவில் நின்றார். மதுரை மாவட்டம் ஜவஹர்லால்புரத்தில் பிறந்த ஒளிப்படக்காரர் ம. பழனிக்குமார், மீன் விற்ற தன் தாயையும், மலக்குழியில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களையும், அவர்களை இழந்த குடும்பங்களையும் தொடர்ந்து எடுத்துவருகிறார். ட்ரைப்பின் கருவி காட்டாமல் விட்ட உழைப்பாளி இங்கே கேமராவை நேராகப் பார்க்கிறார். மதுரை ஒளிப்பட வரலாற்றின் உண்மையான திருப்பமாக இதையே நான் கொள்வேன். கருவி நவீனமானதை அல்ல.

இனி வேண்டியது தொகுப்பு வேலை. கண்மாய் தூர்வாரல், தரைப்பாலம், ஊருக்கு முதல் மின்கம்பம் நட்ட நாள் ஆகியவற்றின் படங்கள் பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களிலும் வீட்டு ஆல்பங்களிலும்தான் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் பின்பக்கம் பென்சிலால் ஊர், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.