பிரிண்டரின் மூளை எங்கே இருக்கிறது?

அப்பாவிடம் விண்டோஸ் லேப்டாப், மகளிடம் மேக், கல்லூரிக்குப் போகும் மகனிடம் உபுண்டு லினக்ஸ், அம்மாவின் கையில் ஆண்ட்ராய்டு போன். கூடத்து அலமாரியில் ஒரே ஒரு வைஃபை பிரிண்டர். ஹால் டிக்கெட்டோ ரயில் டிக்கெட்டோ, யார் எதிலிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் தாள் வந்து விழுகிறது. வேறு எதிலும் எளிதில் ஒத்துப்போகாத இந்த நான்கும் பிரிண்டர் விஷயத்தில் ஒத்துப்போக அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் அடிக்கடி இடம் மாறிய ஒன்று உண்டு: பக்கத்தை வரையத் தெரிந்த மூளை. அது பிரிண்டருக்குள் இருந்தபோதெல்லாம் பகிர்வது சுலபமாக இருந்தது. கணினிக்குப் போனபோதெல்லாம் தகராறு வந்தது.

தொடக்கம் 1971. நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் ஜெராக்ஸ் நிறுவனப் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், லேசர் ஒளியைக் கொண்டு தாளில் அச்சிட முடியும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அங்கிருந்த மேலதிகாரிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் அதே நிறுவனம் புதிதாகத் திறந்திருந்த பார்க் ஆய்வகத்துக்கு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆண்டு முடிவதற்குள், ஜெராக்ஸ் 7000 நகல் இயந்திரம் ஒன்றைப் பிரித்து மாற்றி, நொடிக்கு ஒரு பக்கம் தள்ளும் லேசர் பிரிண்டரை இயக்கிக் காட்டினார். அவ்வளவு வேகமும் விலையும் கொண்ட இயந்திரத்தை ஒரே கணினியோடு கட்டிப்போட யாருக்குத்தான் மனம் வரும்? ஆய்வகத்தில் உருவாகிவந்த ஆல்ட்டோ கணினிகள் எல்லாம் அதைப் பயன்படுத்த வேண்டும் என்றார்கள்.

இணைக்கும் வேலை ராபர்ட் மெட்காஃபிடம் வந்தது. அவருக்கு வழிகாட்டியது பசிபிக் நடுவே இருக்கும் ஹவாய். அங்கே பல்கலைக்கழகம் நடத்திய அலோஹாநெட்டில், வெவ்வேறு தீவுகளின் முனையங்கள் ரேடியோ அலை வழியே ஒரு மையக் கணினியோடு பேசின. இரண்டு முனையங்கள் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி மோதிக்கொண்டால், ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். மெட்காஃப் இந்த முறையை மெருகேற்றி 1973இல் கம்பிக்குள் கொண்டுவந்தார். அதுதான் ஈதர்நெட். இன்று உலகத்தின் அலுவலகங்களையெல்லாம் இணைக்கும் அந்தக் கம்பி பிறந்ததற்கு முக்கியக் காரணம், ஒரு பிரிண்டருக்கு நிறையப் பேர் வரிசையில் நின்றதுதான். கம்பியில்லாமல் தீவுகளைத் தாண்டிய யோசனை கம்பிக்குள் புகுந்து பிரிண்டரை அடைந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு தருவது.

பார்க் ஆய்வகத்தில் இன்னொரு கேள்வியும் எழுந்தது: கணினி பிரிண்டரிடம் என்ன மொழியில் பேசுவது? ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் அங்கே ஒரு பக்க விவரிப்பு மொழியை உருவாக்கினார்கள். ஜெராக்ஸ் அதை வெளியே விட அவசரப்படவில்லை. இருவரும் 1982இல் வெளியேறி அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. இந்த இடத்தில் இந்த எழுத்துருவில் இந்த அளவில் எழுது, இங்கிருந்து அங்கே கோடு இழு என்று கணினி சொல்லும். புள்ளிகளாக வரைவது பிரிண்டரின் பொறுப்பு.

ஆப்பிள் 1985இல் கொண்டுவந்த லேசர்ரைட்டரில் இது குடியேறியது. விலை 6,995 டாலர். உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டரோலா 68000 சிப். அதோடு இணைந்த மேகின்டோஷில் இருந்ததும் அதே சிப்தான். ஆனால் அங்கே வேகம் 8 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. அதாவது பிரிண்டருக்குக் கணினியைவிடக் கூர்மையான மூளை. அந்த விலையை நியாயப்படுத்தியது ஆப்பிள்டாக் வலையமைப்பு: அலுவலகத்தில் உள்ள மேக்குகளை ஒரு மெல்லிய கம்பியால் கோத்துவிட்டால், ‘சூஸர்’ என்ற சிறு சாளரத்தில் பிரிண்டர் தானாகவே வந்து நிற்கும். எந்த எண்ணும் தட்டச்ச வேண்டாம். மிக நல்ல அந்த வசதி பிறகு பல ஆண்டுகள் மற்றவர்களுக்குக் கிடைக்காமலே போனது.

நல்ல பொருளுக்கு நகல் வராமல் இருக்குமா? பார்க் ஆய்வகத்தில் முன்பு பணியாற்றிய பீட்டர் டாய்ச், போஸ்ட்ஸ்கிரிப்டைப் புரிந்துகொள்ளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலை எழுதி 1988இல் வெளியிட்டார். அது வெளிவந்தது, யாரும் மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளை உருவாக்கும் ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்துக்காக. ஸ்டால்மன் அந்தத் திட்டத்துக்கு வந்து சேர்ந்ததிலும் பிரிண்டருக்குப் பங்கு உண்டு. எம்ஐடி ஆய்வகத்தின் பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவர் மென்பொருளை மாற்றிவைத்திருந்தார். புதிதாக வந்த லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிக் கைவிரித்தார். அந்த மறுப்பு ஸ்டால்மன் மனதில் ஆழமாகத் தைத்தது.

அடுத்த நகல் தெற்கே, ஆஸ்திரேலியாவில். ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் தொடங்கிவைத்த எஸ்எம்பி நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் வளர்த்து, கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிர அதையே தன் கணினிகளின் பொது மொழியாக்கியது. யூனிக்ஸ் கணினிகளுக்கு அது புரியாது. கான்பெராவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991 இறுதியில் தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டைப் பார்க்க ஆசைப்பட்டார். கையேடு எதுவும் கிடையாது. கம்பியில் ஓடும் தரவுகளை ஒட்டுக்கேட்டு, இதைக் கேட்டால் அது இப்படிப் பதில் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, அதே பதில்களைத் தரும் நிரலை எழுதி 1992 ஜனவரியில் இணையத்தில் போட்டார். அதுவே சாம்பாவாக வளர்ந்தது. யூனிக்ஸ் பாணியில் அமைந்த லினக்ஸ் கணினியில் செருகிய பிரிண்டர் விண்டோஸ் கணினிகளுக்குத் தெரியத் தொடங்கியது இதனால்தான்.

ஆனால் அதே பத்தாண்டில் மூளை இடம் மாறியது. வீட்டுக் கணினிகள் வேகமாகிவிட்டன. பிரிண்டருக்குள் தனியாக எதற்கு ஒரு சிப்? எடுத்துவிட்டால் விலை குறையும். பக்கத்தை வரையும் வேலை விண்டோஸ் டிரைவரிடம் போனது. பிரிண்டர் புள்ளிகளை வாங்கி அப்படியே அடித்தது. விண்டோஸ் இல்லாத கணினிக்கு அது வெறும் பெட்டி.

இந்த வகை பிரிண்டர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்மூர் பிரவுசிங் சென்டர்களிலும் வக்கீல் அலுவலகங்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் இந்த ரகம். 12ஏ என்று கடையில் கேட்டு வாங்கும் டோனர் கார்ட்ரிட்ஜ் இரண்டிலுமே பொருந்தும். எச்பி 1984இல் வெளியிட்ட முதல் லேசர்ஜெட்டிலிருந்தே உள்ளிருக்கும் அச்சு எந்திரம் கேனானுடையது. ஆப்பிளின் லேசர்ரைட்டரிலும் அதுவேதான். உடம்பு ஒன்றாக இருந்தும் பேசும் மொழி வேறு. அதிலும் 1020 தன்னை இயக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரைக்கூடத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினி அதை யுஎஸ்பி வழியாக அனுப்பியாக வேண்டும். லினக்ஸ்காரர்களுக்காக அந்த வேலையைச் செய்ய ரிக் ரிச்சர்ட்சன் என்ற நிரலாளர் தன் முயற்சியில் ஒரு டிரைவர் எழுதினார். இப்படித் தனியாட்கள் உழைத்திருக்காவிட்டால் எத்தனையோ நல்ல பிரிண்டர்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இதற்கிடையே, பிரிண்டருக்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று பல நிறுவனத்தார் கூடி உட்கார்ந்தார்கள். இணையப் பக்கங்கள் பயணிக்கும் அதே எச்டிடிபி மீது ஏறிச் செல்லும் ஐபிபி நெறிமுறை 1999இல் வெளியானது. அதே ஆண்டில் மைக்கேல் ஸ்வீட் அதை மையமாக வைத்து எழுதிய கப்ஸ் மென்பொருளும் வெளிவந்தது. லினக்ஸ் பதிப்புகள் அதை எடுத்துக்கொண்டன. 2002இல் ஆப்பிளும் மேக்கில் சேர்த்தது, 2007இல் விலைக்கே வாங்கிக்கொண்டது. லினக்ஸிலும் மேக்கிலும் பிரிண்ட் வேலையை வரிசைப்படுத்துவது இப்போதும் அதே குடும்பத்து மென்பொருள்தான்.

மொழி கிடைத்தது, கம்பி போக வேண்டும். இங்கே கருந்துளைகள் வருகின்றன. சிறு கருந்துளைகள் வெடித்தால் ரேடியோ சமிக்ஞை வரும் என்ற ஊகத்தை நம்பி ஆஸ்திரேலிய வானியலாளர் ஜான் ஓ’சல்லிவன் தேடினார். கருந்துளை கிடைக்கவில்லை. கலங்கிப்போன சமிக்ஞையைத் தெளிவாக்கும் கணித அனுபவம் கைவந்தது. பிறகு அந்நாட்டின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் அவர் குழு, வீட்டுச் சுவர்களில் பட்டு எதிரொலித்துக் குழம்பும் ரேடியோ அலையைச் சீராக்க வழி கண்டது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வைஃபையின் வேகமான வகைகளில் அது இடம்பெற, உரிமத் தொகையாக 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சிஎஸ்ஐஆர்ஓவுக்கு வந்து சேர்ந்தது.

மிச்சமிருந்தது பழைய ‘சூஸர்’ சுகம். ஆப்பிள்டாக் தந்ததை இணைய நெறிமுறையிலும் தர வேண்டும் என்று பிடிவாதமாக உழைத்தவர் ஸ்டூவர்ட் செஷயர். 2002இல் மேக்கில் வந்த அந்த ஏற்பாட்டுக்கு இப்போது போன்ஷூர் என்று பெயர். லினக்ஸில் அதே வேலையைச் செய்வது அவாஹி. 2010 நவம்பரில் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டை அறிமுகப்படுத்தியபோது எல்லாச் சரடுகளும் ஒன்றுசேர்ந்தன. டிரைவர் நிறுவ இடமில்லாத ஐபோனுக்காகப் பிரிண்டர் தயாரிப்பாளர்கள் மூளையை மறுபடி பிரிண்டருக்குள் வைத்தார்கள். ஆண்ட்ராய்டுக்காக 2013இல் மோப்ரியா கூட்டமைப்பு உருவானது.

நாம் பிரிண்ட் பொத்தானைத் தொடும்போது நடப்பது இதுதான். போன் 224.0.0.251 என்ற முகவரிக்கு ஒரு கேள்வியை வீசுகிறது: இந்த வலையில் ஐபிபி பேசுகிறவர் யார்? பிரிண்டர் தன் பெயர், முகவரி, வழக்கமாக 631 என்ற போர்ட் எண், தனக்குத் தெரிந்த கோப்பு வடிவங்கள், வண்ணம் உண்டா, இருபக்கம் உண்டா எல்லாவற்றையும் பதிலாகச் சொல்கிறது. போன் பக்கத்தை அவற்றில் ஒரு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. பொதுவாக இந்தக் கேள்வி ரூட்டரைத் தாண்டி வேறு வலைக்குப் போகாது. போன் ‘கெஸ்ட்’ வைஃபையிலும் பிரிண்டர் வீட்டு வைஃபையிலும் இருந்தால் கேள்வி போய்ச் சேராது. பிரிண்டர் காணவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மைக்ரோசாஃப்டும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தயாரிப்பாளர்களின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. இனி ஐபிபி பேசும் பிரிண்டருக்கே முதலிடம்.

அப்படியானால் பழைய 1020 வைத்திருப்பவர்கள்? ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் கப்ஸையும் அவாஹியையும் ரிச்சர்ட்சனின் டிரைவரையும் நிறுவி, பிரிண்டரை அதன் யுஎஸ்பியில் செருகிப் பகிர்வை இயக்கினால் போதும். ஸ்விட்ச் போட்டதும் ஃபர்ம்வேர் அனுப்புவது முதல் பக்கத்தைப் புள்ளியாக்குவது வரை எல்லாவற்றையும் பை பார்த்துக்கொள்ளும். வலையில் யார் கேட்டாலும் 1020 சார்பில் ஐபிபியில் அதுவே பதில் சொல்லும். போனின் பட்டியலில் அந்தப் பழைய இயந்திரம் புதிய ஏர்பிரிண்ட் பிரிண்டர்களோடு வந்து நிற்கும்.