கேட்டது ஒண்ணு, ஃபைல்ல வந்தது ஒண்ணு: மிடியும் சித்தப்பாவோட கீபோர்டும்

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாப் பாட்டு ரெண்டை எங்க சித்தப்பாவைக் கீபோர்டுல வாசிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினேன். கோயில் பாடகர் குழுவுல ரொம்ப வருஷமா வாசிக்கிறவர். கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டப்ப ரூமே நிறைஞ்சது. எக்ஸ்போர்ட் பண்ணி வாட்ஸப்புல அனுப்பினேன். உடனே போன்: "எலேய், நான் உன் முன்னாலதானல வாசிச்சேன்? இது யாரோ அடுத்த தெருவுல வாசிக்க மாதிரில்லா இருக்கு!"

இதுக்குப் பதில் தேடினா 1980கள் வரைக்கும் போக வேண்டியிருக்கு.

அப்போ ஒவ்வொரு கம்பெனி சிந்தசைசரும் தன் சொந்த பாஷைதான் பேசும். 1981-ல் டேவ் ஸ்மித்தும் சேட் வுட்டும் ஒரு பொது முறையை முன்வைத்தார்கள். ரோலண்ட் நிறுவனர் இகுடாரோ ககேஹாஷியும் அதே முனைப்பில் இருந்தார். 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில் ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்ட் ஜூபிடர்-6-ஐயும் கேபிள் போட்டு இணைத்துக் காட்டினார்கள். அதுதான் மிடி.

அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். அப்போதான் புதுசா வந்திருந்த சிடிக்கு நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் வேணும். அதனால மிடியில சத்தம் போகவே முடியாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போ விடணும்னு கட்டளை மட்டும்தான் போகும். வால்யூமுக்கும் 0 முதல் 127 வரை ஒரு எண் உண்டு. பொதுவான பரிந்துரைப்படி 100 போட்டா முழு அளவை விடச் சுமார் 4 டெசிபல் குறைவு, 64 போட்டா சுமார் 12 குறைவு. ஆனா எதோட முழு அளவு? அந்தப் பெட்டியோடது. முன்னாடி இருக்கிற வால்யூம் ஸ்லைடரை நீங்க எங்க வெச்சிருக்கீங்கன்னு மிடிக்குத் தெரியாது.

டேப் காலத்து ஸ்டுடியோவில் இது பெரிய சிக்கலா இல்லை. 1992-ல் ரோஜா வந்த காலத்தை நினைச்சுக்கோங்க. சிந்தசைசர் ஒயர் கன்சோலுக்குப் போகும். கன்சோல்ல இருந்து வர்றதுதான் ஸ்பீக்கருக்கும் போகும், மாஸ்டருக்கும் போகும். 'எக்ஸ்போர்ட்'னு தனியா ஒரு வேலையே கிடையாது. 1996-ல் க்யூபேஸ் விஎஸ்டி, 1999-ல் விஎஸ்டி இன்ஸ்ட்ருமென்ட்னு வாத்தியமே கம்ப்யூட்டருக்குள்ள வந்த பிறகுதான், நாலு நிமிஷப் பாட்டைச் சில நொடியில கணக்குப் போட்டு எழுதுற வழக்கம் வந்தது. வெளிய மேஜையில இருக்கிற கீபோர்டு அந்தக் கணக்குல சேராது. அதை நிஜ நேரத்துல ஓடவிட்டு ஆடியோவா பதிஞ்சாதான் உண்டு.

நான் பதிஞ்சிருந்தேன். ஆனா மிடி ட்ராக்கை ம்யூட் பண்ணலை. ப்ளே பண்றப்பல்லாம் பதிஞ்ச ஆடியோவும் ஓடுது, கீபோர்டும் கூடவே வாசிச்சு இண்டர்ஃபேஸ் வழியா நேரா ஹெட்போனுக்கு வருது. ஒரே சத்தம் ரெண்டு சேர்ந்தா 6 டெசிபல் வரை கூடும். ஃபைல்ல போனது ஒண்ணு மட்டும். ரெண்டு நாள் நான் மாஸ்டர் ஃபேடரைத் திட்டிக்கிட்டிருந்தேன்!

இப்போ செய்றது இதுதான். ஸ்லைடர்ல ஒரு இடத்துல பேனாவால கோடு. எங்க ஊர் உப்புக்காத்துல ஸ்லைடர் கரகரங்கும், நாலு தடவை மேலும் கீழும் தள்ளிட்டுத்தான் கோட்டுல நிறுத்தணும். உச்சம் மைனஸ் 12 பக்கத்துல வர்ற மாதிரி பதிவு. பதிஞ்சதும் மிடி ட்ராக் ம்யூட், டைரக்ட் மானிட்டர் ஆஃப், எக்ஸ்போர்ட்ல நார்மலைஸ் ஆஃப். கடைசியா அந்த ஃபைலையே ப்ராஜெக்ட்டுக்குள்ள கொண்டுவந்து, ஃபேஸைத் தலைகீழாக்கி, பாட்டோட சேர்த்து ஓட்டுவேன். ரெண்டும் ஒண்ணுன்னா எதுவுமே கேக்காது. புது ஃபைலைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "ஆங், இது நான்தாம்ல" என்றார்.

அப்புறம் அவர் ஒரு டப்பாவை எடுத்துட்டு வந்தார். இருபது வருஷத்துக்கு முந்தின ஃப்ளாப்பி ஆறு. அவரே மெட்டுப் போட்ட பாட்டுகள், எல்லாமே மிடி. வாசிச்ச கீபோர்டை அப்பவே வித்துட்டார். ஃப்ளாப்பியில ஸ்வரம் இருக்கு, அவர் கேட்ட சத்தம் இல்லை. அதே மாடல் வேம்பார்ல ஒருத்தர்கிட்ட இருக்காம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இண்டர்ஃபேஸைத் தூக்கிட்டுக் கிளம்புறோம்.