ஓடியன் தட்டும் பாட்டின் பட்டாவும்

பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் முதல் எல்.பி. இசைத்தட்டு 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. 1963 மார்ச்சில் லண்டனில் வெளிவந்தது. அதற்கும் நான் இப்போது குடியிருக்கும் காரைக்குடிக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் வீட்டில் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. 'ஓடியன்' என்ற பெயரில் இருக்கிறது.

முதலில் நம்மூர்க் கதை. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். அவருடைய மகன் மெய்யப்பன், 1907-ல் பிறந்தவர். யாரோ பதிவு செய்த தட்டை வாங்கி விற்பதைவிட, நாமே பாடகர்களை அழைத்துப் பதிவு செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஓடியன் என்ற ஜெர்மன் கம்பெனியின் பெயரில் தமிழ்த் தட்டுகள் வரத் தொடங்கின. பிற்கால ஏவி.எம். ஸ்டூடியோவின் வேர் இதுதான். படம் எடுக்கும் முன்பே அவர் பாட்டு விற்றவர்.

அந்தக் காலத் தட்டு அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். கச்சேரியில் அரைமணி நேரம் பாடுகிறவரும் மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். நடுவில் பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டும். முழு நாடகங்களைக்கூடப் பல தட்டுகளாகப் பிரித்து 'செட்' என்று விற்றார்கள். அடுத்த காட்சி கேட்க எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப்போட வேண்டும்.

இனி லண்டனுக்கு வருவோம். 1963-ல் டேப் வந்துவிட்டது. ஆனாலும் பீட்டில்ஸ் பையன்களுக்குக் கம்பெனி அதிக நேரம் தரவில்லை. அந்தத் தட்டில் 14 பாட்டு. நான்கு முன்பே சிறிய தட்டுகளாக வந்தவை. மீதிப் பத்தையும் பிப்ரவரி 11-ம் தேதி ஒரே நாளில், காலையில் தொடங்கி இரவுக்குள் பாடி முடித்தார்கள். ஜான் லென்னனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். ஒரே தடவையில் பாடியதுதான் தட்டில் ஏறியது. அந்தக் கரகரப்பை இன்றும் கேட்கலாம். நம் பழைய தட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல, அவர்கள் தினமும் செய்த வேலை.

ஓடியன் எங்கே வருகிறது? அந்தத் தட்டை வெளியிட்ட லேபிள் பார்லோபோன். பார்லோபோனும் ஓடியனும் பெர்லினில் கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் கம்பெனியின் பிள்ளைகள். 1931-ல் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. உருவானபோது இரண்டும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. பிரான்சில் பீட்டில்ஸ் தட்டுகள் ஓடியன் பெயரிலேயே வந்தன. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீட்டில் அப்படி ஒரு சிறிய தட்டு இருந்தது. உறையில் 'லே பீட்டில்ஸ்' என்று பிரெஞ்சில் போட்டிருக்கும். அதே ஓடியன் பெயரில் காரைக்குடிக்காரர் ஒருவர் முப்பது வருஷம் முன்பே தமிழ்ப் பாட்டு விற்றார் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோப்பு பார்த்தே முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவன் நான். நிலத்தில் உழுகிறவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாட்டும் அப்படித்தான். முதல் தட்டுப் பதிவான அதே மாதத்தில், லென்னன், மெக்கார்ட்னி பாட்டுகளின் உரிமைக்காக 'நார்தர்ன் சாங்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இளம் பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1969-ல் அது ஏ.டி.வி. என்ற கம்பெனி கைக்குப் போயிற்று. 1985-ல் அந்த உரிமைகளை வாங்கியவர் மைக்கேல் ஜாக்சன். எழுதியவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

நம் பக்கத்தில் அந்தப் பட்டா பாரதியார் பாடல்களுக்கு இருந்தது. அவற்றைப் பதிவு செய்யும் உரிமையை ஒரு வடநாட்டு வியாபாரி வாங்கி வைத்திருந்தார். நாற்பதுகளில் அதை மெய்யப்பன் வாங்கினார். யுத்த காலத்தில் சென்னையை விட்டு வந்து, காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டிருந்த நேரம் அது. அங்கே எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. டி.கே. பட்டம்மாள் பாரதி பாடலைப் பாட, பேபி கமலா ஆட, ஊரே பாடிற்று. மறு வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது உரிமைப் பிரச்சினை கிளம்பியது. தேசத்துக்காகப் பாடியவர் பாட்டுக்கு ஒரு தனி ஆள் சொந்தக்காரரா என்று எழுத்தாளர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கியவர் பக்கமும் சட்டப்படி நியாயம் இருந்தது.

1949-ல் ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது அரசு அந்தப் பாடல்களை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விலை கேட்காமல் கொடுத்தார். சில வருஷங்களில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார்.

வியாபாரி லாபம் பார்ப்பது இயற்கை. மூன்று நிமிடப் பாட்டை விற்றே வளர்ந்தவருக்கு ஒரு பாட்டின் விலை என்னவென்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட்டுக்கொடுத்தார் என்பதால்தான் அதைப் பெரிதாக நினைக்கிறேன். லிவர்பூல் பையன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. இன்று பள்ளி விழாவில் பாரதி பாடலைப் பாடும் குழந்தை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதில் நம்மூர்க்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.